பூட்டு உடைந்தால்தான் பணம்: பர்க்ளரி பாலிசி ஒரு விமர்சனம்

"திருட்டு இன்சூரன்ஸ்" என்று சொல்லித்தான் ஏஜென்ட் விற்பார். வீட்டுக்கு வந்த பாலிசியைப் பிரித்தால் 'பர்க்ளரி அண்ட் ஹவுஸ்பிரேக்கிங்' என்று இருக்கும். அதற்குத் தமிழில் கன்னக்களவு என்று ஒரு பழைய சொல் உண்டு. கன்னம் வைத்து, அதாவது சுவரில் துளை போட்டு, உள்ளே இறங்கித் திருடுவது. திருட்டு என்பது பெரிய வட்டம், கன்னக்களவு அதற்குள் ஒரு சின்ன வட்டம். பிரீமியம் கட்டுகிறவர் பெரிய வட்டத்தை வாங்கியதாக நினைக்கிறார். கம்பெனி விற்றது சின்ன வட்டத்தை.

இந்த விமர்சனம் எந்த ஒரு கம்பெனியைப் பற்றியதும் அல்ல. இந்தியாவில் விற்கப்படும் பர்க்ளரி பாலிசிகளின் மையமான வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: கட்டடத்துக்குள் பலவந்தமாகவும் வன்முறையாகவும் நுழைந்த பின், அல்லது அப்படி வெளியேறும்போது நடக்கும் திருட்டு. 'பலவந்தம்', 'வன்முறை' ஆகிய இரண்டு சொற்களும் சேர்ந்தே நிற்கின்றன. உடைந்த பூட்டு, நெளிந்த ஷட்டர், அறுத்த கிரில், பெயர்ந்த தாழ்ப்பாள் என்று ஏதாவது ஒரு அடையாளம் கண்ணில் பட வேண்டும். இல்லையென்றால் பொருள் போனது உண்மையாகவே இருந்தாலும் கிளைம் நிற்காது.

இது கம்பெனிக்காரர்களின் பிடிவாதம் மட்டும் இல்லை. 2004-இல் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்தது. குற்றவியல் சட்டமும் அகராதியும் கன்னக்களவுக்கு என்ன பொருள் சொன்னாலும், பாலிசியில் எழுதியிருக்கும் பொருள்தான் செல்லும், திருட்டுக்கு முன் பலவந்தம் நடந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இந்த வாசகம் மிகக் கடுமையானது, கம்பெனிகள் இதைத் திருத்துவது நல்லது என்றும் அதே தீர்ப்பில் நீதிமன்றம் குறிப்பிட்டது. வாசகம் மாறவில்லை. 2016-இல் வந்த இன்னொரு வழக்கிலும் முடிவு அதேதான்.

குற்றவியல் சட்டம் எங்கே நிற்கிறது, பாலிசி எங்கே நிற்கிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வாங்கியது என்ன என்று புரியும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ். அதில் 303-ஆம் பிரிவு திருட்டு. அசையும் பொருள், நேர்மையற்ற எண்ணம், இன்னொருவர் வசத்தில் இருப்பது, அவர் சம்மதம் இல்லாதது, பொருளை நகர்த்துவது ஆகிய ஐந்தும் கூடினால் திருட்டு. இதில் பலவந்தம் என்ற பேச்சே இல்லை. திறந்த கதவு வழியாக வந்து மேஜையில் இருந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனால் சட்டப்படி முழுத் திருட்டு. வீட்டுக்குள் நடந்ததால் 305-ஆம் பிரிவும் சேரும், தண்டனை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை உயரும். பாலிசிப்படி அதற்குக் கிடைப்பது பூஜ்யம்.

அடுத்தது 330, 331. வீட்டை உடைத்து நுழைவது இங்கேதான் வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டத்தின் 'உடைப்பு' பாலிசியின் 'உடைப்பை'விட மிகவும் தாராளமானது. ஆறு வழிகளைச் சட்டம் சொல்கிறது. சுவர் ஏறிக் குதித்து வருவது, மனிதர் நுழைவதற்கென்று இல்லாத வழியில் வருவது, பூட்டைத் திறந்து வருவது எல்லாமே அதில் அடக்கம். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதைக் கொண்டு கதவைத் திறந்து நுழைவதும் வீட்டை உடைப்பதுதான் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் உதாரணமாகவே சொன்னது. அதாவது ஒரு கீறல்கூட இல்லாமல் சாவி போட்டுத் திறந்தவனையும் சட்டம் கன்னக்களவுக்காரன் என்றே பிடிக்கும். இரவில் திருட்டுக்காக அப்படி நுழைந்தால் 331(4)-இன் கீழ் 14 ஆண்டு வரை தண்டனை. பாலிசியோ அந்த நிகழ்வைப் பார்த்து "பலவந்தம் எங்கே?" என்று கேட்கும். ஒரே இரவு, ஒரே திருடன். கோர்ட்டில் அவனுக்குக் கடுமையான தண்டனை, வீட்டுக்காரருக்கு நிராகரிப்புக் கடிதம்.

சாவி விஷயத்தில் பாலிசி இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரும்புப் பெட்டியில் இருந்த பணமோ நகையோ சாவியால் அல்லது போலிச் சாவியால் திறந்து எடுக்கப்பட்டிருந்தால் இழப்பீடு கிடையாது. அந்தச் சாவியை அடித்தோ மிரட்டியோ வாங்கியிருந்தால் மட்டும் கிடைக்கும் என்று விலக்குப் பட்டியலில் ஒரு வரி இருக்கும். பெட்டிச் சாவியைக் கடை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் உள்ளவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். ஷட்டரை உடைத்து உள்ளே வந்தவன் இழுப்பறையில் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தால், ஷட்டர் உடைந்ததற்கும் வெளியே இருந்த சரக்குக்கும் பணம் வரும், பெட்டிக்குள் இருந்ததற்கு வராது.

பாலிசியின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாசகத்தில் 'வெளியேறும்போது' என்று ஒரு சொல் இருக்கிறது. கடை மூடும் நேரத்தில் கிடங்குக்குள் ஒளிந்துகொண்டு, நள்ளிரவில் சரக்கோடு பின்கதவை உடைத்து வெளியே போனால் அதுவும் செல்லும். பி.என்.எஸ். 330-உம் இதை அப்படியே ஏற்கிறது. உடைப்பில் சேதமான கதவு, ஷட்டர், ஜன்னல் ஆகியவற்றுக்கும் பெரும்பாலான பாலிசிகள் ஒரு வரம்பு வரை தருகின்றன. சட்டத்தில் பொருள் கொஞ்சம் நகர்ந்தாலே திருட்டு முழுமை பெற்றுவிடும். மூட்டையைக் காம்பவுண்டு சுவரோரம் போட்டுவிட்டு ஓடியவனும் திருடன்தான். அப்படிப்பட்ட இரவில் போனது ஒன்றுமில்லை என்றாலும் உடைந்த ஷட்டருக்குக் கிளைம் போடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இனி கொள்ளை. நாளிதழ்களில் "பூட்டை உடைத்து 40 பவுன் நகை கொள்ளை" என்று தினமும் படிக்கிறோம். சட்டப்படி அது கொள்ளை இல்லை. யாரும் இல்லாத வீட்டில் நடந்தது கன்னக்களவு. 309-ஆம் பிரிவின் கொள்ளைக்கு ஒரு மனிதர் வேண்டும். திருடுவதற்காகவோ, திருடியதைத் தூக்கிக்கொண்டு போவதற்காகவோ ஒருவரை அடிப்பது, தடுத்து நிறுத்துவது, அல்லது உடனடியாக அடி விழும் என்று பயம் காட்டுவது இருந்தால்தான் கொள்ளை. காவலாளியைக் கட்டிப்போட்டாலே போதும். துரத்தி வந்தவரை நகையோடு தப்பிப்பதற்காக அடித்தால் திருட்டு கொள்ளையாக மாறுகிறது. நகையைப் போட்டுவிட்டு, பிடிபடாமல் இருக்க மட்டும் அடித்துவிட்டு ஓடினால் அது திருட்டும் தாக்குதலும்தான். அவ்வளவு நுணுக்கமான கோடு அது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 310, கூட்டுக்கொள்ளை. வாசலில் நின்று காவல் பார்த்தவனும் அந்த ஐந்தில் ஒருவன். பெரும்பாலான பர்க்ளரி பாலிசிகள் கட்டடத்துக்குள் நடக்கும் இவற்றையும் ஏற்கின்றன. அங்கே பூட்டு உடைந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழாது, மனிதர்மேல் பாய்ந்த வன்முறையே போதும்.

தெருவில் செயின் பறிப்பு நடந்தால் வேறு கதை. பி.என்.எஸ். அதற்கென்றே 304 என்று புதுப் பிரிவு போட்டிருக்கிறது. திடீரென்றோ வேகமாகவோ பலவந்தமாகவோ பறிப்பது, 3 ஆண்டு வரை தண்டனை. பழைய சட்டத்தில் இப்படி ஒரு தனிப் பிரிவு இல்லை. பர்க்ளரி பாலிசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் பாலிசி காப்பது ஒரு முகவரியை. கழுத்தில் இருக்கும் நகைக்கு 'ஆல் ரிஸ்க்' என்ற தனிப் பகுதியைச் சேர்த்து வாங்க வேண்டும், ஒவ்வொரு நகையின் எடையும் மதிப்பும் அட்டவணையில் எழுதப்பட வேண்டும். ஏஜென்ட் தானாக இதை எடுத்துச் சொல்வது அபூர்வம்.

இந்த பாலிசியின் மிகப் பெரிய ஓட்டை உள்ளே இருப்பவர்கள். வேலைக்காரரோ குமாஸ்தாவோ முதலாளி வசத்தில் இருந்த பொருளைத் திருடினால் 306, 7 ஆண்டு வரை. முதலாளி நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் அது திருட்டே இல்லை, 316-இன் கீழ் நம்பிக்கை மோசடி. கல்லாவில் இருந்த பணத்தைக் கணக்குப்பிள்ளை எடுத்தால் ஒன்று, வங்கியில் கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தை எடுத்தால் இன்னொன்று. சட்டத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியம், பர்க்ளரி பாலிசிக்கு இரண்டும் ஒன்றுதான்: இரண்டுக்கும் பணம் இல்லை. குடும்பத்தாரோ ஊழியரோ சம்பந்தப்பட்ட இழப்பை விலக்குகிறோம் என்ற வரி ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் உண்டு. வெளியாள் பூட்டை உடைத்திருந்தாலும், தகவல் கொடுத்தது கடைப்பையன் என்று போலீஸ் விசாரணையில் வந்துவிட்டால் அதே வரி பாயும். கடைக்காரர்கள் இதற்குத் தனியாக 'ஃபிடெலிட்டி கியாரன்டி' பாலிசி எடுக்க வேண்டும், வங்கிக்குப் போகும் வழியில் பணம் பறிபோவதற்கு 'மணி இன்சூரன்ஸ்' வேண்டும். மூன்றையும் தனித்தனியே வாங்குவதைவிடக் கடைக்காரர் பேக்கேஜ் பாலிசியில் அந்தப் பகுதிகளைச் சேர்த்து வாங்குவது சுலபம், விடுபடுதலும் குறைவு.

ஓ.டி.பி. கேட்டு வங்கிக் கணக்கைக் காலி செய்வது, போலி நகை கொடுத்து நிஜ நகை வாங்கிப் போவது எல்லாம் 318-இன் மோசடி. அங்கே பொருளைக் கொடுத்தது நாமே, ஏமாந்துதான் கொடுத்தோம். பர்க்ளரி பாலிசி இதன் பக்கமே வராது.

கிளைம் தோற்பது பெரும்பாலும் முதல் நாளில், காவல் நிலைய மேஜையில். புகாரில் எழுதும் ஒவ்வொரு சொல்லையும், இழப்பை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பிறகு கண்ணாடி வைத்துப் படிப்பார். எந்த வழியாக நுழைந்தான், எந்த வழியாக வெளியேறினான், எது உடைந்திருந்தது, கடைசியாகப் பூட்டியது எத்தனை மணிக்கு, பார்த்தது எத்தனை மணிக்கு என்ற ஐந்தும் புகாரில் இருக்க வேண்டும். "நகையைக் காணவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வழக்கு 303(2)-இல் மட்டும் பதிவாகக்கூடும். 331(3) அல்லது 331(4)-உடன் 305 சேர்ந்திருந்தால்தான் உடைப்பு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஆட்கள் பழைய சட்டத்தின் எண்களில் 457, 380 என்று சொல்வதும் இதைத்தான். விசாரணையில் உடைப்பு தெரியவந்தால் பிரிவு மாற்ற அறிக்கை கோர்ட்டுக்குப் போகும், அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும்.

புகார் வந்தது என்பதற்குக் காவல் நிலையத்தில் கையில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. அதை வைத்துக் கிளைம் நகராது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்துமூலம் அனுப்பலாம், அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பிரிவு வித்தியாசம் நேரத்தையும் பாதிக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் போலீசுக்கு இடம் உண்டு. வெறும் திருட்டு இந்த வளையத்துக்குள் வருகிறது, 305-இன் வீட்டுத் திருட்டு 7 ஆண்டு என்பதால் வெளியே நிற்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான வெறும் திருட்டு என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரணையே செய்ய முடியாது. ஆகவே சின்ன இழப்புக்கு எஃப்.ஐ.ஆர். கேட்டு அலைவதில் பயன் இல்லை.

உடைந்த பூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போலீஸ் வரும்வரை எதையும் தொடாமல் பல கோணங்களில் படம் எடுத்து வையுங்கள், தேதியும் நேரமும் பதிவாகட்டும். போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் உடைப்பு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். ஷட்டரை உடனே சரி செய்தால்தான் கடையைப் பூட்ட முடியும் என்பது உண்மைதான். பழுது பார்த்த கடையின் பில்லில் என்ன உடைந்திருந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருடுபோன பொருள் பட்டியலை முதல் புகாரிலேயே முடிந்தவரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். நகை என்றால் வகை, கிராம், வாங்கிய பில். விட்டுப்போனது தெரிந்தால் கூடுதல் வாக்குமூலமாக ஓரிரு நாளில் கொடுத்துவிடலாம். ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வீங்கினால் கம்பெனிக்குச் சந்தேகம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

தொகையை நிர்ணயிப்பதில் பலர் இடறுவது ஆவரேஜ் நிபந்தனையில். வீட்டில் 10 லட்சம் ரூபாய்க்குப் பொருள் இருக்கிறது, 6 லட்சத்துக்கு பாலிசி எடுத்திருக்கிறீர்கள், 2 லட்சத்துக்குத் திருட்டு. 6 லட்சத்துக்குள்தானே என்று 2 லட்சம் எதிர்பார்ப்போம். பொருளின் மதிப்பில் 60 சதவீதத்துக்குத்தான் பாலிசி என்பதால் வருவது 1,20,000. மீதி 40 சதவீதத்துக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி. கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு 'ஃபர்ஸ்ட் லாஸ்' முறை பொருந்தும். ஒரு கோடி ரூபாய் சரக்கை ஒரே இரவில் யாரும் தூக்கிப் போக முடியாது என்பதால், மொத்த மதிப்பை உண்மையாகச் சொல்லி, அதில் 25 சதவீதத்துக்கு மட்டும் பாலிசி எடுப்பது. மொத்த மதிப்பைக் குறைத்துச் சொன்னால் அங்கேயும் ஆவரேஜ் வந்து உட்காரும்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க ஒரு நிபந்தனை உண்டு. தொடர்ந்து 7 பகலும் 7 இரவும் இடம் ஆளில்லாமல் இருந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்று பழைய வாசகம் சொல்லும். சில பாலிசிகளில் 30 நாள். புறப்படும் முன் கம்பெனிக்கு எழுதி ஒப்புதல் வாங்கினால் தொடரும். திருடர்கள் பார்த்து வைத்து வருவது பூட்டிய வீட்டைத்தான், பாலிசி பின்வாங்குவதும் அதே வீட்டிலிருந்துதான்!

வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் இன்னொரு குழப்பம் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்கும் 'பாரத் கிரஹ ரக்ஷா' பாலிசியில் திருட்டு என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பாலிசியில் சொன்ன ஆபத்து நடந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும். வெள்ளம் வடியும்வரை ஆளில்லாமல் கிடந்த வீட்டில் டி.வி. போனால் செல்லும். சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் செல்லாது. அதற்குப் பர்க்ளரி பகுதியைத் தனியே சேர்க்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தால் வண்டி இன்சூரன்ஸ்தான் தாராளம். காம்ப்ரிஹென்சிவ் மோட்டார் பாலிசியில் கன்னக்களவு, வீட்டை உடைத்தல், திருட்டு என்று மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. தெருவில் நிறுத்திய வண்டி கீறல் இல்லாமல் காணாமல் போனாலும் செல்லும். இரு சக்கர வாகனத்தில் உதிரிப் பொருள் மட்டும் போனால் கிடையாது, வண்டியும் சேர்ந்து போக வேண்டும். இரண்டு சாவியையும் கேட்பார்கள். சாவியை வண்டியிலேயே விட்டிருந்த ஒரு வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் முழு நிராகரிப்பை ஏற்காமல் 75 சதவீதம் தரச் சொன்னது. எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பது 2020-இன் தீர்ப்பு. வாடகைக்கு எடுத்துப் போன கார் திரும்பி வராவிட்டால் மட்டும் சண்டை தொடங்கும், ஏனென்றால் அது திருட்டா நம்பிக்கை மோசடியா என்ற பழைய கேள்வி அங்கே மறுபடியும் எழும்.

ஷட்டர் உள்ள கடை, கிடங்கு, பகலில் பூட்டிக் கிடக்கும் தனி வீடு ஆகியவற்றுக்கு இந்த பாலிசி கொடுக்கும் காசுக்குத் தகும். ஆட்கள் வந்துபோகும் வீட்டுக்கும், நம்பி ஒப்படைத்து நடக்கும் தொழிலுக்கும் இது மட்டும் போதாது.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதில் எந்த நிபந்தனை எண்ணைக் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 'பலவந்தம் இல்லை' என்றால் மகஜர், படங்கள், பழுது பில் மூன்றையும் சேர்த்து கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே நடக்காவிட்டால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குக் காலக்கெடு 2 ஆண்டு. பணம் வாங்கிய பிறகு திருடன் பிடிபட்டு நகை கோர்ட்டுக்கு வந்தால், அதை வாங்க மனுப் போடும் முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கிளைம் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட சப்ரோகேஷன் கடிதத்தின்படி, கொடுத்த தொகை அளவுக்கு அந்த நகைமேல் உரிமை கம்பெனிக்கு.